நோன்பிலிருந்து தொடங்குங்கள்: திருச்சபை ஆண்டும் வீட்டுச் சமையலும்

திருச்சபை ஆண்டின் காலங்களுக்கு ஏற்ப வீட்டுச் சமையலை அமைத்துக்கொள்ள விரும்புவதாகச் சொல்லி, எந்தத் திருநாளுக்கு எதைச் சமைப்பது, அதற்கு வேதாகமத்தில் ஆதாரம் உண்டா, பருவங்களோடு இதற்கு என்ன தொடர்பு என்று கேட்டிருக்கிறீர்கள். திருநாள் உணவுகளின் பட்டியலைத் தேடி எடுப்பது எளிய வேலைதான். ஆனால் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கும் வீடுகளில் இரண்டொரு ஆண்டுகளுக்குப் பின் கிறிஸ்துமஸ் கேக்கும் ஈஸ்டர் முட்டையும் மட்டுமே மிஞ்சுவதைப் பார்க்கிறோம். கிறிஸ்தவ உலகின் பண்டிகை உணவுகளில் பல, நோன்பு இருந்ததனாலேயே உண்டானவை. ஆகவே நோன்பு நாட்களின் சமையலை முதலில் ஒழுங்குபடுத்துங்கள். விருந்து நாட்களில் என்ன சமைப்பது என்பது அதன்பின் பெரிய கேள்வியாக இருக்காது.

வேதாகமம் பற்றிய கேள்விக்கு முதலில் வருகிறேன். இன்ன நாளில் இன்ன உணவு என்று புதிய ஏற்பாட்டில் கட்டளை எதுவும் இல்லை. மாற்கு 7ஆம் அதிகாரம் எல்லா உணவும் தூய்மையானதே என்கிறது. உணவையும் பண்டிகை நாளையும் முன்னிட்டு எவரும் உங்களைக் குற்றப்படுத்த இடங்கொடாதீர்கள் என்று கொலோசெயர் 2:16 எச்சரிக்கிறது. அதே சமயம், மலைப்பிரசங்கத்தில் இயேசு உபவாசத்தைப் பற்றிப் பேசும்போது, சீடர்கள் உபவாசிப்பார்கள் என்பதை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு, அதை எப்படிச் செய்ய வேண்டும் என்று மட்டுமே சொல்கிறார். மிகப் பழைய கிறிஸ்தவ ஒழுங்கு நூல்களில் ஒன்றான ‘டிடாக்கே’ புதன், வெள்ளி ஆகிய இரு நாட்களை நோன்பு நாட்களாகக் குறிக்கிறது; ஆர்த்தடாக்ஸ் முதலிய கிழக்குத் திருச்சபைகள் இன்றுவரை அந்த இரண்டு நாட்களையும் விடாமல் கடைப்பிடிக்கின்றன. எனவே இதை விடுதலையோடு ஏற்றுக்கொள்ளும் ஒழுங்காகக் கொள்ள வேண்டுமே தவிர, அண்டை வீட்டாரை அளக்கும் கோலாகக் கொள்ளக் கூடாது.

தவக்காலம், அதாவது லெந்து நாட்கள், திருச்சபை ஆண்டின் முதுகெலும்பு. மேற்குத் திருச்சபையில் சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள்வரை 46 நாட்கள். ஞாயிறுகளை நீக்கினால் 40. இடைக்காலத்தில் இறைச்சி மட்டுமல்லாமல் முட்டை, பால், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவையும் விலக்கப்பட்டிருந்தன. ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளின் ஒழுங்கு இன்றும் அப்படியே நிற்பதோடு, மீனையும் பெரும்பாலான வாரநாட்களில் திராட்சரசத்தையும் எண்ணெயையும்கூட விலக்குகிறது. மார்ச் 25இல் வரும் மங்களவார்த்தைத் திருநாளிலும் குருத்து ஞாயிறன்றும் மீனுக்கு அனுமதி உண்டு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் பெரிய நோன்பு மட்டும் 55 நாட்கள் நீள்கிறது. ஆண்டில் பாதி நாட்கள் இறைச்சியும் பாலும் இல்லாமல் உண்ணும் அம்மக்களிடம் பருப்பு, கொண்டைக்கடலை, கீரை ஆகியவற்றைக் கொண்டு உருவான சமையல், உலகின் மிகச் சுவையான சைவச் சமையல்களில் ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை.

நோன்பு தொடங்குமுன் வீட்டிலிருக்கும் முட்டையையும் பாலையும் தீர்த்தாக வேண்டும். இங்கிலாந்தில் சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை பான்கேக் சுடும் வழக்கம் இப்படித்தான் நிலைபெற்றது. கிழக்கில் இதை இரண்டு படிகளாகச் செய்கிறார்கள்: முதலில் இறைச்சியை நிறுத்தி, அடுத்த ஒரு வாரம் பால் பொருட்களை மட்டும் உண்டு முடிக்கிறார்கள், ரஷ்யாவில் பிளினி என்னும் மெல்லிய அப்பங்கள் மலைமலையாகச் சுடப்படுவது அந்த வாரத்தில்தான். ஒரே இரவில் எல்லாவற்றையும் துறப்பதைவிட இந்த இரண்டு படி முறை வீட்டுக்கு ஏற்றது என்று கருதுகிறேன்.

ஈஸ்டர் முட்டையின் கதையும் இதோடு சேர்ந்ததே. கோழி முட்டையிடுவது பகல் வெளிச்சத்தின் நீளத்தைச் சார்ந்தது. வட நாடுகளில் குளிர்காலத்தில் முட்டை குறைந்து, பகல் நீளத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கூடும். அதாவது முட்டை உண்ணக் கூடாத நாட்களில்தான் கோழிகள் மும்முரமாக இடும். அடுக்கி வைக்கப்பட்ட அந்த முட்டைகளெல்லாம் ஈஸ்டர் காலையில் ஒரே நேரத்தில் உணவுமேசைக்கு வரும். கல்லறையையும் அதை உடைத்து வெளிவரும் உயிரையும் முட்டை குறிக்கிறது என்னும் விளக்கம் அழகானதே; ஆனால் அந்த விளக்கத்துக்கு அடியில், கூடை நிறைய முட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யோசித்த ஒரு வீட்டுத் தலைவியும் இருந்திருப்பாள். கிரேக்கர்கள் பெரிய வியாழனன்று முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். அவர்களுடைய ட்சுரேக்கி, ரஷ்யர்களின் குலிச் போன்ற ஈஸ்டர் ரொட்டிகளில் முட்டையும் வெண்ணெயும் தாராளமாகச் சேர்வதற்கும் இதே பின்னணி உண்டு. இப்போதோ மின்விளக்கின் கீழ் வளரும் கோழிகள் ஆண்டு முழுவதும் முட்டையிடுகின்றன. பஞ்சத்தையும் பெருக்கத்தையும் பருவமே கொண்டுவந்து கொடுத்த காலம் போய்விட்டதால், இனி அந்த வேறுபாட்டை நாமே தெரிந்தெடுத்தால்தான் உண்டு.

இந்த விதிகளின் வரலாற்றில் வெட்கப்படத்தக்க பக்கமும் இருக்கிறது. ஆலிவ் எண்ணெய் விளையும் தென்னாடுகளில் வெண்ணெயைத் துறப்பது பெரிய காரியமல்ல. ஆலிவ் மரமே இல்லாத வட ஐரோப்பாவில் அது கடும் துன்பம். எனவே பணம் செலுத்தி விலக்கு வாங்கும் வழக்கம் உண்டாயிற்று. பிரான்சில் ருவான் பேராலயத்தின் கோபுரம் ஒன்று இன்றும் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்றே அழைக்கப்படுகிறது; லெந்து நாட்களில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் கொடுத்த பணம் அதன் கட்டுமானத்துக்குச் சென்றதனால் வந்த பெயர் அது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஸ்டொல்லன் என்னும் கிறிஸ்துமஸ் ரொட்டியில் வெண்ணெய் சேர்க்க 1491இல் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்ட் அனுமதிக் கடிதம் அனுப்பியதாக அந்த ரொட்டியின் வரலாறு கூறுகிறது. 1522இல் சூரிச் நகரில், லெந்து நாளொன்றில் அச்சகர் கிறிஸ்டோஃப் ஃப்ரோஷவரின் வீட்டில் சிலர் கூடிப் புகையூட்டிய தொத்திறைச்சியை உண்டார்கள். அங்கிருந்த அந்நகரப் போதகர் சுவிங்லி உண்ணவில்லை என்றாலும், உண்டவர்களை ஆதரித்து உணவில் கிறிஸ்தவனுக்குள்ள விடுதலையைப் பற்றிப் பிரசங்கித்தார். சுவிட்சர்லாந்தின் திருச்சபைச் சீர்திருத்தம் அந்தச் சிறு தொத்திறைச்சித் துண்டுகளிலிருந்து வெடித்துக் கிளம்பியது. காசு கொடுத்து நீக்கிக்கொள்ளக்கூடிய நோன்பு நோன்பே அல்ல என்பதில் சுவிங்லியின் பக்கம்தான் நான். ஆனால் நோன்பையே கைவிட்ட குடும்பங்கள் அதோடு விருந்தின் ருசியையும் பாதி இழந்தன என்பதும் என் எண்ணம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுலின் ஆணையால் இவ்விதிகளை வெகுவாகத் தளர்த்தியது. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள்; அன்று ஒரு முழு உணவும், வழக்கமாக இரண்டு சிற்றுணவுகளும். வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம், அதாவது இறைச்சி உண்ணாமை; எனினும் பல நாடுகளில் ஆயர்கள் அதற்குப் பதிலாக வேறு தவமுயற்சியையும் அனுமதிக்கிறார்கள். எந்தச் சபையைச் சேர்ந்தவராயினும் புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு இந்த அளவே போதும்: வாரம் ஒரு வெள்ளி, ஆண்டில் இரண்டு கடும் நாட்கள். அது பழகிய பிறகு புதன்கிழமையைச் சேர்க்கலாம்.

இனி அடுப்புக்கு வருவோம். வெள்ளிக்கிழமைச் சமையல் சலிப்பூட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் பக்குவம்தான். காய்ந்த பயறுகளை முந்தைய இரவே சிறிது உப்பிட்ட நீரில் ஊறவைத்தால் தோல் மிருதுவாகி, வெடித்துச் சிதறாமல் வேகும். தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பைப் பயறு நன்றாக வெந்த பின்னரே சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் உள்ளே கடினமாகவே நிற்கும். எண்ணெய் இல்லாத நாளில் வெங்காயத்தை அடிகனமான பாத்திரத்தில் மூடி வைத்து, அதன் சொந்த நீரிலேயே மெதுவாக வதக்கி, ஒட்டும்போதெல்லாம் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறினால் பொன்னிறம் வந்துவிடும். வெந்த பயறில் ஒரு பெரிய கரண்டி எடுத்து மசித்துத் திரும்பச் சேர்த்தால் சாறு கெட்டிப்பட்டு, எண்ணெய் இல்லாத குறை நாவில் தெரியாது. கிரேக்க மடங்களில் இந்த இடத்தை அரைத்த எள் விழுது நிரப்புகிறது. இடைக்கால ஐரோப்பியச் செல்வர் வீடுகளில் பாதாம் பருப்பை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பால் நிரப்பியது.

அந்தப் பாதாம் பால் ஓர் எச்சரிக்கையும்கூட. விதியின் எழுத்தைக் காத்துக்கொண்டே இறைச்சியைவிட அதிகம் செலவழித்து உண்ண முடியும் என்பதற்கு அது சான்று. வெள்ளிக்கிழமை இறால் விருந்து வைப்பவரும் அதே வரிசையில் சேர்ந்தவரே. இதற்கு ஆதித் திருச்சபை வைத்திருந்த அளவுகோல் மிகத் தெளிவானது. 2ஆம் நூற்றாண்டு நூலான ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’, நோன்பு நாளில் உண்ணாமல் விட்ட உணவின் விலையைக் கணக்கிட்டு, அதை ஒரு விதவைக்கோ அநாதைக்கோ இல்லாதவர்க்கோ கொடுக்கும்படி சொல்கிறது. ஏசாயா 58ஆம் அதிகாரத்தின் உபவாசமும் பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே. ஆகவே வழக்கமான ஒரு நாளின் சமையல் செலவையும் நோன்பு நாளின் செலவையும் ஒரு தாளில் எழுதி, வித்தியாசத்தை அன்றே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இந்தக் கணக்கை அவர்களிடமே ஒப்படையுங்கள். பயறு ஏன் இன்று என்ற கேள்வி அதன்பின் எழுவதில்லை.

நாற்பது நாட்களுக்குப் பின் நோன்பை முடிப்பதிலும் நிதானம் வேண்டும். கொழுப்பை மறந்திருந்த வயிறு திடீர்ப் பெருவிருந்தை ஏற்காது. கிரேக்கர்கள் நள்ளிரவு வழிபாடு முடிந்து வீடு திரும்பியதும் ஆட்டின் உள்ளுறுப்புகளைக் கீரையோடு வேகவைத்த மாகிரிட்சா என்னும் சூப்பைக் குடித்து, பெரிய விருந்தை மறுநாளைக்கு ஒதுக்குகிறார்கள். ஈஸ்டர் ரொட்டி செய்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். சர்க்கரை, வெண்ணெய், முட்டை மூன்றும் ஈஸ்ட்டின் வேகத்தைக் குறைப்பவை. எனவே வெதுவெதுப்பான பாலில் ஈஸ்ட்டையும் மாவில் ஒரு பகுதியையும் மட்டும் முதலில் கலந்து, அது நுரைத்து எழும்பிய பின்னரே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். மாவு இழுபடும் பதத்துக்குப் பிசைந்த பிறகு வெண்ணெயைச் சிறு துண்டுகளாக, ஒன்று மறைந்தபின் அடுத்தது என்று சேர்த்தால் மாவு கனிந்து பளபளக்கும். சாதாரண ரொட்டி ஒரு மணி நேரத்தில் உப்பினால் இது மூன்று மணி நேரமும் கேட்கும். மேற்குத் திருச்சபையில் பெரிய சனிக்கிழமை இரவு வழிபாடுவரை திருப்பலி கிடையாது என்பதால், நாள் முழுதும் இந்த வேலைக்குக் கிடைக்கும்.

ஈஸ்டர் ஒரு நாள் அல்ல என்பதையும் பலர் மறந்துவிடுகிறோம். பெந்தெகொஸ்தேவரை 50 நாட்கள் அது நீள்கிறது; அந்த நாட்களில் முழங்கால்படியிட வேண்டாம் என்று 325ஆம் ஆண்டின் நிசேயா பொதுச்சங்கம் விதித்தது. நாற்பது நாள் நோன்பைச் சிரத்தையோடு காத்துவிட்டு ஐம்பது நாள் கொண்டாட்டத்தை ஒரே மதிய உணவோடு முடித்துக்கொள்வது விசித்திரமான கணக்கு. இந்த வாரங்களின் ஞாயிறுகளில் காலை உணவைச் சற்று விரிவாகச் செய்யலாம். யோவான் 21இல் உயிர்த்த ஆண்டவர் இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீடர்களுக்குக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் காத்திருக்கிறார். அவர்களை அவர் அழைத்தது காலை உணவுக்குத்தான்.

பருவங்களோடுள்ள தொடர்பு இந்த ஐம்பது நாட்களில் மிகத் துல்லியமாகத் தெரியும். பலஸ்தீன நாட்டில் யூதர்களின் பாஸ்கா பண்டிகையை ஒட்டி வாற்கோதுமை முதலில் முற்றும். ஐம்பது நாள் கழித்துக் கோதுமை அறுவடை. லேவியராகமம் 23ஆம் அதிகாரம் முதற்கதிரில் தொடங்கி ஐம்பதாம் நாளில் புளித்த மாவினாலான இரண்டு அப்பங்களில் முடிவது இந்த ஒழுங்கில்தான். ஐயாயிரம் பேருக்கு உணவளித்தபோது சிறுவனிடம் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள் என்று யோவான் மட்டுமே சொல்கிறார். பாஸ்கா நெருங்கியிருந்தது என்பதையும் அவரே சொல்கிறார். பிற்காலத் திருச்சபை சென்ற இடங்களிலெல்லாம் அந்தந்த மண்ணின் விளைச்சலைத் திருநாட்களோடு பிணைத்துக்கொண்டது. ஆகஸ்ட் 6இல் வரும் ஆண்டவரின் தோற்றமாற்றத் திருநாளில் கிரேக்கர்கள் புதுத் திராட்சையை ஆசீர்வதிக்கிறார்கள். திராட்சை விளையாத ரஷ்யாவில் அதே திருநாளில் ஆப்பிள் வைக்கப்படுகிறது. தெற்கு அரைக்கோளத்தில் ஈஸ்டர் இலையுதிர் காலத்திலும் கிறிஸ்துமஸ் கோடையிலும் வருகின்றன. அங்கே வசந்தத்தின் மலர்களையும் பனிக்கால உணவுகளையும் வலிந்து இறக்குமதி செய்வதில் பொருளில்லை. ரஷ்யர்கள் செய்ததையே செய்யுங்கள்: உங்கள் மண்ணில் அந்த வாரம் முதலில் விளைந்ததை, உண்பதற்கு முன் ஜெபத்தோடு உணவுமேசையில் வையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக் காலத்தையும் கிறிஸ்துமஸையும் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இதுவும் முன்பு நோன்புக் காலமே. கிழக்கில் நவம்பர் 15 முதல் 40 நாட்கள் இன்றும் அப்படித்தான். போலந்தில் டிசம்பர் 24 மாலை உணவில் பன்னிரண்டு வகைகள் இருந்தும் இறைச்சி இல்லாதது அந்த நோன்பின் மிச்சம். இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் புட்டிங்கைத் திருவருகைக் காலத்துக்கு முந்தைய ஞாயிறன்றே கிளறி வைப்பார்கள். உலர்ந்த பழம், சர்க்கரை, மது ஆகியவை அதைக் கெடாமல் காப்பதோடு, வாரங்கள் செல்லச் செல்ல ருசியையும் ஆழப்படுத்துகின்றன. இனிப்புகளைச் செய்து வைத்துவிட்டு 25ஆம் தேதிவரை தொடாமல் இருப்பதுதான் இன்றைய வீடுகளில் செய்யக்கூடிய மிகக் கடினமான திருவருகைக் கால நோன்பு. அதற்கு ஈடாக, அன்றிலிருந்து ஜனவரி 6ஆம் தேதித் திருக்காட்சி விழாவரை நாளொன்றாகப் பரிமாறலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்: இறந்தோரை நினைக்கும் நாட்களுக்கும் ஓர் உணவு உண்டு. ஆர்த்தடாக்ஸ் வீடுகளில் நினைவு வழிபாட்டுக்குச் செய்யும் கொலிவா, முழுக் கோதுமையை வேகவைத்துச் செய்வது. நிலத்தில் விழுந்து சாகும் கோதுமை மணியே மிகுந்த பலன் தரும் என்ற யோவான் 12:24 அதன் அடிப்படை. கோதுமையை ஊறவைத்து, மணிகள் வாய்பிளக்கத் தொடங்கும் பதத்தில் இறக்கி, வடித்து, சுத்தமான துணியின்மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பி, குளிர்ந்த இடத்தில் இரவு முழுதும் உலரவிட வேண்டும். இந்த ஒரு படியில் அவசரப்பட்டால் மேலே தூவும் சர்க்கரை கசிந்து ஒழுகும், கோதுமையும் புளித்துவிடும். உலர்ந்த மணிகளோடு வறுத்த பருப்புகள், உலர்திராட்சை, மாதுளை முத்துகள், பட்டைத்தூள் ஆகியவற்றைக் கலந்து தட்டில் குவித்து, ஈரத்தைத் தடுக்க வறுத்த மாவை ஓர் அடுக்குத் தூவி, அதன்மேல் பொடித்த சர்க்கரையைக் கனமாகப் பரப்பி, ஒரு தாளால் அழுத்திச் சமன்செய்து, பாதாம் பருப்பால் சிலுவை இடுவார்கள். வழிபாட்டுக்குப் பின் அதைக் கலைத்து, வந்தவர் அனைவருக்கும் சிறு கிண்ணங்களில் கொடுப்பார்கள். துக்கம் நிகழ்ந்த வீட்டில் கைகளுக்கு ஒரு வேலை தேவைப்படும் என்பதை அறிந்தவர்கள் உருவாக்கிய உணவு இது என்று தோன்றுகிறது.

ஆனால் ஆண்டின் பெரும்பகுதி திருநாளும் அல்ல, நோன்பும் அல்ல. கத்தோலிக்க நாட்காட்டியில் பொதுக்காலம் மட்டும் 33 அல்லது 34 வாரங்கள். அந்த வாரங்களின் சமையலுக்கு 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கைவிடச் சிறந்த வழிகாட்டி எனக்குத் தெரியாது. மடத்தின் எல்லாப் பாத்திரங்களையும் பீடத்தின் புனிதப் பாத்திரங்களைப் போலவே கருத வேண்டும் என்று பண்டகக் காப்பாளருக்கு அவர் சொல்கிறார். சமையலறைப் பணி வாரமுறையில் எல்லாத் துறவிகளுக்கும் மாறி மாறி வரும். வாரம் முடியும் சனிக்கிழமையன்று பணியை முடிப்பவர் துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் முழுதாகவும் திருப்பிக் கொடுத்து, வரப்போகிறவரோடு சேர்ந்து அனைவருடைய பாதங்களையும் கழுவ வேண்டும். சமையல் ஒரே ஒருவர் தலையில் ஆண்டு முழுதும் விழும் வீட்டில் எத்தனை திருநாள் உணவு செய்தாலும் இந்த ஒழுங்கின் முதல் வரிகூட நடைமுறைக்கு வரவில்லை என்றே பொருள். ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் வார முறையில் பங்கேற்பதை இந்த ஆண்டின் முதல் தீர்மானமாகக் கொள்ளுங்கள்.

இறுதியாக, யார் நோன்பிருக்கக் கூடாது என்பது. கத்தோலிக்கச் சட்டப்படி சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்க்கும், ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 59 வயது நிறையும்வரையிலும் மட்டுமே. நோயுற்றோர், கருவுற்றோர், பாலூட்டுவோர், நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் உணவைக் குறைப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். உணவைக் கண்டு அஞ்சும் மனநோயிலிருந்து மீண்டவர்கள் உணவல்லாத வேறொன்றைத் துறப்பதே நல்லது. இதனால் ஒரே வீட்டில் சிலர் நோன்பிலும் சிலர் இல்லாமலும் இருப்பது இயல்பு. பெனடிக்ட் இதற்கும் வழி வைத்திருக்கிறார்: ஒவ்வொரு வேளைக்கும் சமைத்த உணவு இரண்டு வகை இருக்கட்டும், ஒன்றை உண்ண இயலாதவர் மற்றொன்றை உண்ணட்டும் என்கிறார். வெள்ளிக்கிழமைப் பயறை எல்லோருக்கும் பொதுவாகச் சமைத்து, அதன் அருகில் முட்டையோ தயிரோ ஒரு கிண்ணத்தில் தனியாக வைத்துவிடுங்கள். யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை என்பதை மட்டும் யாரும் பேச வேண்டாம்.